உறுதி

பாகம் எண் நூற்றுப் பதினேழு.
புளியந்தோப்பில் எங்கள் தெருவுக்குத்
தொள்ளாயிரத்து முப்பது ஓட்டு,
செத்துப்போன பதினாறு பேரையும் சேர்த்து.

இருபத்திரண்டு வருஷம் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன் நான்.
ஓட்டுப்பதிவுக்கு முந்தின ராத்திரி
வட்டச் செயலாளர் மேசையில்
பென்சிலைச் சீவிச் சீவி
மற்ற தெருக்களுக்குப் பெயர் பெயராக யோசிப்போம்.
இவர் நம்ம ஆள். இவர் சந்தேகம்.
இந்த வீட்டுக்கு இன்னொரு நடை போகணும்,
மாமியாரிடம் பேசணும்.
எங்கள் தெரு வந்தால் யோசனையே கிடையாது.
பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு,
கோட்டின் மேல் ஒரு வார்த்தை:
உறுதி.

அதைப் பெருமை என்று நினைத்திருந்தேன்.

எதிர்க்கட்சி ஏஜெண்ட் தேசிங்கு என்னோடு ஏழாவது படித்தவன்.
ஆட்டுத்தொட்டி டீக்கடையில் ஒருநாள்
அவன் பட்டியலைத் திறந்து காட்டினான்.
எங்கள் தெருவுக்கு அங்கேயும் குறுக்கே கோடு.
மேலே: வராது.

இரண்டு கோடும் ஒரே நீளம்.

உறுதியான தெருவுக்கு எதற்கு மோட்டார் பம்ப்?
வராத தெருவுக்கு எதற்கு?
டிசம்பர் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது
ஒன்பது நாள்.

பிறகு கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தார்கள்.
நூற்று நாற்பது குடும்பம், லாரியில்,
மிக்ஸியும் மெத்தையும் பாதிப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுமாய்
பெரும்பாக்கம் போய் எட்டாவது மாடியில் ஏறின.
ஓட்டு மட்டும் இங்கேயே இருந்தது.
அதை யாரும் லாரியில் ஏற்றவில்லை.

போன தேர்தலன்று காலை ஆறு மணிக்கே வேன் போய்
எல்லாரையும் அழைத்துவந்தது.
ஏற்பாடு நான்தான். இட்லிகூடக் கட்டிக்கொடுத்தேன்.
ராத்திரி பத்து மணிக்கு
பேசின் பிரிட்ஜ் பஸ் ஸ்டாப்பில் ஏகவள்ளியைப் பார்த்தேன்,
தூங்கிப்போன மகனைத் தோளில் போட்டபடி.
"வேன் எங்கண்ணே?" என்றாள்.
செயலாளருக்குப் போன் போட்டேன்.
மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

இந்தமுறை மாநகராட்சித் தேர்தலில்
ஏகவள்ளி சுயேச்சை. சின்னம் கேரம் போர்டு.
நான் கட்சி பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
"உங்களுக்கு என்னய்யா குறை வெச்சோம்?
உங்க தலைவர் சிலைக்கு
வருஷத்துக்கு ரெண்டு மாலை போடுறோமா இல்லையா?"
போடுகிறார்கள்.
சிலை கம்பிக் கூண்டுக்குள் இருக்கிறது.
சாவி போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது.

நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. டெபாசிட் போச்சு.
பழைய கட்சி முந்நூறில் தோற்றது.
"பிரிச்சு அவனை உள்ள விட்டுட்டீங்களேடா,"
செயலாளர் நடுரோட்டில் கத்தினார்.
நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் பயம்தான்.
ஜெயித்தவன் ஒன்றும் யோக்கியன் இல்லை.
என் தம்பியே ஒரு வாரம் பேசவில்லை.
குழாயில் அதே மஞ்சள் தண்ணீர்.

ஆனால் அடுத்த மாதம்
இரண்டு கரைவேட்டியும் ஒரே வாரத்தில் தெருவுக்குள் வந்தன,
சகதியில் செருப்பைத் தூக்கித் தூக்கி வைத்து.
ஒருவர் கையில் புது நோட்டு.
நானூற்றுப் பன்னிரண்டு யார் யார் என்று
அவருக்குத் தெரியவில்லை.
ஒவ்வொரு கதவாகத் தட்டவேண்டியிருந்தது.

மாமியார் வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்த ஏகவள்ளி
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.
"உங்க சனத்துக்கு என்னதாம்மா வேணும்?"
இருபத்திரண்டு வருஷத்தில்
அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை,
கேட்டவரையும் பார்த்ததில்லை.

அவள் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.
"எழுதிக்கோ.
சாயங்காலம் வேன் எத்தனை மணிக்கு?"